உப்புசத்துக்கு புரோபயாட்டிக்கும் கேஸ் மாத்திரையும்: சேர்த்துச் சாப்பிடலாமா?

மருந்துக் கடையில் போய் “கேஸுக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடைக்காரர் டைஜீன் அல்லது ஜெலுசில் எடுத்து வைப்பார். இன்னொருவர் ஈனோ பாக்கெட் தருவார். வேறொருவர் கறுப்பு மாத்திரை கொடுப்பார், இல்லாவிட்டால் பான்டோப்ரசோல் அட்டையில் நாலு வெட்டித் தருவார். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. அதில் ஒன்று வாயுவைத் தொடுவதே இல்லை. இன்னொன்று வயிற்றுக்குள் புதிதாக வாயுவை உண்டாக்கும்.

சில வருடங்களாக இந்த வரிசையில் புரோபயாட்டிக்கும் சேர்ந்துவிட்டது. கேப்சூல், பொடி, குட்டி பாட்டில் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. “நல்ல பாக்டீரியா, எத்தனை சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது” என்ற உத்தரவாதமும் கூடவே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது: புரோபயாட்டிக் எடுத்துக்கொண்டிருக்கும்போது கேஸ் மாத்திரையும் போடலாமா? ஒன்றை ஒன்று கெடுத்துவிடுமா? இரண்டையும் சேர்த்தால் சீக்கிரம் சரியாகுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிமெத்திகோன் என்ற, வாயுக் குமிழிகளை உடைக்கும் மருந்து உள்ள வாயு மாத்திரையும் புரோபயாட்டிக்கும் ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை. ஒரே நாளில், ஒரே வேளையில்கூட எடுக்கலாம். ஆனால் சேர்த்து எடுத்தால் பலன் கூடும் என்பதற்கான ஆதாரம் மிக மெலிது. அது ஏன் என்று புரிய, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

## எல்லாமே கேஸ் இல்லை

நம் ஊரில் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிறு கனத்துப்போவது, வாயு பிரிவது, முதுகில் பிடிப்பது, நெஞ்சில் குத்துவது எல்லாமே கேஸ்தான். மருத்துவத்தில் இவை தனித்தனித் தொந்தரவுகள். நெஞ்செரிச்சல் என்பது இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி வருவது. ஏப்பம் பெரும்பாலும் விழுங்கிய காற்று. கீழே பிரியும் வாயுவில் பெரும்பங்கு பெருங்குடலில் உண்டாவது. உப்புசம் என்பது வயிறு நிறைந்து, இறுகி, அழுத்துவது போன்ற உணர்வு.

முதுகுக்கும் தோளுக்கும் வாயு “ஏறுவது” என்று ஒன்று கிடையாது. குடலுக்குள் இருக்கும் வாயு மேலே ஏப்பமாகவோ கீழேயோதான் வெளியேற முடியும். ஒரு பகுதி மட்டும் குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே போகும். மூச்சிலுள்ள ஹைட்ரஜனை அளந்து, பாலிலுள்ள சர்க்கரை ஒருவருக்குச் செரிக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனையே இருக்கிறது. தசைக்குள் போய்ச் சுருண்டு உட்காரும் வாயு எந்தப் பரிசோதனையிலும் அகப்பட்டதில்லை.

## வாயு எப்படி உண்டாகிறது

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு கரைத்து வைத்தபோது பாத்திரத்தில் பாதிதான் இருந்தது. காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதிலிருந்த பாக்டீரியாக்கள், முக்கியமாக லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற வகை, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டிருக்கின்றன. உளுந்தின் பசை அந்த வாயுவைச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிடித்து வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் நொதித்தல்: நுண்ணுயிர்கள் சர்க்கரையை உடைத்து அமிலமும் வாயுவும் உண்டாக்குவது.

பெருங்குடலில் நடப்பதும் இதுதான். நாம் சாப்பிட்டதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. சில சர்க்கரைகளை உடைக்க மட்டும் நம்மிடம் என்சைம் இல்லை. என்சைம் என்றால் உணவை உடைக்கும் புரதம். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகள் அந்த வகை. வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான்களும் அப்படியே. பாலிலுள்ள லாக்டோஸை உடைக்கும் என்சைம் குழந்தைப் பருவத்தில் நிறைய இருக்கும், வளர்ந்தபின் பலருக்குக் குறைந்துவிடும். இப்படி உடைபடாமல் கீழே இறங்குவதெல்லாம் பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை நொதிக்க வைத்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் விடுகின்றன. சிலருக்கு மெத்தனோபிரெவிபேக்டர் ஸ்மித்தி என்ற நுண்ணுயிர் அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக மாற்றுகிறது.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கே ஒரு நாளில் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வாயு வெளியேறும். 10 முதல் 20 முறை பிரிவது சாதாரணம். அதில் கிட்டத்தட்ட முழுவதும் வாசனையே இல்லாத வாயுக்கள். நாற்றம் வருவது மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால். இதைச் சொல்வதற்குக் காரணம், “எனக்கு வாயு அதிகம்” என்று மருந்து தேடுகிறவர்களில் பலருக்கு இருப்பது சாதாரண அளவுதான்.

## வயிறு உப்பினால் உள்ளே வாயு நிறைந்திருக்கிறது என்று அர்த்தமா?

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. 1975-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் மைக்கேல் லெவிட்டின் ஆய்வுக் குழு ஒரு காரியம் செய்தது. குடலுக்குள் ஆர்கான் என்ற வாயுவைச் செலுத்தி, உள்ளே இருந்த வாயு முழுவதையும் வெளியே தள்ளி அளந்தார்கள். உப்புசமும் வலியும் இருந்தவர்களின் குடலில் இருந்த வாயுவும், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் குடலில் இருந்த வாயுவும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு தரப்புக்கும் ஒரு டம்ளருக்கு மேல் தேறவில்லை.

வாயுவின் அளவு ஒன்று என்றால் ஒருவருக்கு மட்டும் ஏன் வயிறு வெடிப்பதுபோல் இருக்கிறது? இரண்டு விஷயங்கள் தெரியவந்திருக்கின்றன.

முதலாவது, குடலின் கூருணர்ச்சி. சிலருடைய குடல் நரம்புகள் சாதாரண அளவு வாயுவையும் சாதாரண விரிவையும் மிகைப்படுத்தி மூளைக்குச் சொல்கின்றன. அடுத்தவர் உணராமலே கடந்துபோகும் அழுத்தம் இவர்களுக்கு வேதனை. குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ளவர்களிடம் இது அதிகம். அந்த நோய்க்குறி என்றால், குடலில் புண்ணோ கட்டியோ எதுவும் தென்படாமல் வயிற்று வலியும் மலம் போவதில் மாற்றமும் தொடர்ந்து இருப்பது.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. பார்சிலோனாவின் வால் டெப்ரான் மருத்துவமனை ஆய்வாளர்கள், வயிறு உப்பும் நேரத்தில் நோயாளிகளை சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். உள்ளே வாயு கூடியிருந்தது கொஞ்சம்தான். ஆனால் உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை, கீழே இறங்கியிருந்தது. அதே நேரத்தில் வயிற்றின் முன்பக்கத் தசை தளர்ந்திருந்தது. உள்ளே இருப்பவை முன்னால் தள்ளப்பட, வயிறு நிஜமாகவே பெரிதாகிறது. பேன்ட் இறுக்குவது கற்பனை இல்லை. ஆனால் அதற்கு வாயு மாத்திரை எதுவும் செய்யாது. இப்படி உள்ளவர்களுக்கு உதரவிதான மூச்சுப் பயிற்சி பலன் தருகிறது.

இதோடு மலச்சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலம் தேங்கினால் வாயு நகரத் தாமதமாகும், பாக்டீரியாவுக்கும் கூடுதல் நேரம் கிடைக்கும். என் பார்வையில் உப்புசத்துக்கு மாத்திரை தேடுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: தினமும் வயிறு சரியாகக் காலியாகிறதா?

இதுவரை பார்த்ததில் இரண்டு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வாயு உண்டாவது பெரும்பாலும் பெருங்குடல் நொதித்தலால். உப்புசமோ வாயுவால் வரலாம், கூச்சம் மிகுந்த நரம்பால் வரலாம், தசையின் நடத்தையால் வரலாம், தேங்கிய மலத்தால் வரலாம்.

## கடைக்குப் போகும் முன்

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் சோடா குடித்துப் பார்க்கிற நேரம் அது இல்லை. மாரடைப்பை வாயுக் குத்து என்று நினைத்து வீட்டிலேயே மணிக்கணக்கில் தாமதித்தவர்கள் ஏராளம். நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வயிறு வீங்கி, கடும் வலியோடு, மலமும் வாயுவும் அடியோடு நின்று வாந்தி எடுத்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். எடை குறைதல், மலத்தில் ரத்தம், ரத்தசோகை, மஞ்சள் காமாலை, இரவில் எழுப்பும் வலி ஆகியவை இருந்தாலும் பரிசோதனை முதலில், மாத்திரை அப்புறம். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாகத் தொடங்கி, வாரக்கணக்கில் போகாமல் நிற்கும் உப்புசம் சினைப்பைப் புற்றுநோயின் ஆரம்ப அடையாளமாகவும் இருக்கக்கூடும். “வயசானா கேஸ் வரத்தான் செய்யும்” என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

## சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்துகள் என்ன செய்கின்றன

சிமெத்திகோனிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் உண்மையான வாயு மருந்து என்று சொல்லத்தக்கது இதுதான். இது சிலிக்கோன் எண்ணெயும் நுண்ணிய சிலிக்காவும் கலந்தது. நீர்மத்தின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். பரப்பு இழுவிசை என்பது குமிழியின் மேல்தோலை உடையாமல் இழுத்துப் பிடித்திருக்கும் விசை. அது குறைந்தால் நுரையிலுள்ள சின்னக் குமிழிகள் உடைந்து, சேர்ந்து பெரிய குமிழியாகும். பெரிய குமிழி சுலபமாக நகர்ந்து ஏப்பமாகவோ கீழ் வழியாகவோ வெளியேறும். மாவுக் கணக்கில் சொன்னால், பொங்கிய மாவைக் கரண்டியால் கலக்கிவிட்டது போல. குமிழி அடங்கும், நொதித்தல் நிற்காது.

சிமெத்திகோன் ரத்தத்தில் சேர்வதில்லை. போட்டது அப்படியே மலத்தில் வெளியேறிவிடும். அதனால்தான் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியது. எண்டோஸ்கோப்பிக்கு முன்னால் நுரையை அகற்றி, உள்ளே தெளிவாகப் பார்க்க டாக்டர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நுரையை உடைப்பதில் அதன் திறமை பற்றிச் சந்தேகமே இல்லை. அன்றாட உப்புசத்தை அது எவ்வளவு குறைக்கும் என்பதில்தான் ஆதாரம் கலவையாக இருக்கிறது. உங்கள் தொந்தரவுக்குக் காரணம் நுரை என்றால் உதவும். கைக்குழந்தைகளின் வயிற்று வலிக்குக் கொடுக்கும் சொட்டு மருந்திலும் இதே சிமெத்திகோன்தான். வெற்று மருந்தோடு ஒப்பிட்டபோது அங்கே அது ஜெயிக்கவில்லை. வெற்று மருந்து என்றால் மருந்துச் சரக்கு எதுவும் இல்லாமல், ஒப்பிடுவதற்காக மட்டும் கொடுப்பது.

டைஜீன், ஜெலுசில் போன்றவற்றில் சிமெத்திகோனோடு அலுமினிய, மக்னீசிய ஹைட்ராக்சைடும் உண்டு. அவை அமிலத்தைச் சமன் செய்பவை. எரிச்சலும் உப்புசமும் சேர்ந்து இருப்பவருக்கு அது பொருந்தும்.

ஈனோவின் கதை வேறு. அதில் சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. உறையில் ஸ்வர்ஜிக்ஷாரம், நிம்புகாம்லம் என்று போட்டிருப்பார்கள். தண்ணீரில் போட்டதும் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. குடித்ததும் பெரிய ஏப்பம் வரும், “ஆஹா, கேஸ் போச்சு” என்று தோன்றும். போனது பெரும்பாலும் அது கொண்டுவந்த வாயுவேதான். அமிலத்துக்கு அது மருந்து, பெருங்குடல் உப்புசத்துக்கு இல்லை. சோடியமும் அதிகம் என்பதால் ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் தினமும் குடிக்கக் கூடாது.

கறுப்பு மாத்திரை என்றால் கரி, அதாவது வாயுவையும் ரசாயனங்களையும் தன் மேற்பரப்பில் ஒட்ட வைத்துக்கொள்ளும்படி பதப்படுத்திய கரித்தூள். சில பிராண்டுகளில் செரிமான என்சைமும் கூட இருக்கும். கரியின் சிக்கல் என்னவென்றால், அது எதை ஒட்ட வைப்பது என்று பார்த்துச் செய்வதில்லை. கூடவே போடும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கருத்தடை மாத்திரை எதையும் பிடித்து வைத்துவிடும். அதனால் மற்ற மருந்துகளிலிருந்து குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

இன்னொரு வகை, வாயு உண்டாகும் முன்பே தடுப்பது. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற என்சைம் பருப்புகளிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரையைச் சிறுகுடலிலேயே உடைத்துவிடும். லாக்டேஸ் என்ற என்சைம் பால் சர்க்கரையை உடைக்கும். இவற்றை முதல் கவளத்தோடு எடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து வயிறு உப்பியபின் போட்டால் வீண். பருப்போ பாலோ சேராதவருக்கு மட்டும்தான் இவை. எனக்குக் கேட்டால், காரணம் தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இவைதான் புத்திசாலித்தனமான செலவு.

பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகளை ஊரே கேஸ் மாத்திரை என்று அழைக்கிறது. அவை இரைப்பை அமிலம் சுரப்பதைக் குறைப்பவை. வாயுவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சட்டப்படி டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து அது. மாதக்கணக்கில் விழுங்கினால், அமிலம் குறைந்த வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலில் பாக்டீரியா பெருக வாய்ப்பு கூடும். அதுவே உப்புசத்தைக் கொண்டுவரலாம்.

## புரோபயாட்டிக் என்பது எது

2001-ல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு வரையறை தந்தது: போதிய அளவில் கொடுத்தால் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள். இதில் மூன்று நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உயிரோடு இருக்க வேண்டும், அளவு போதுமானதாக இருக்க வேண்டும், நன்மை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அதனால் இட்லி புரோபயாட்டிக் இல்லை. மாவில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருந்தது உண்மைதான், ஆனால் ஆவியில் வெந்ததும் எல்லாம் செத்துப்போகின்றன. இட்லி சுலபமாகச் செரிப்பதற்குக் காரணம் வேறு. தயிரில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது. கடுமையான வரையறைப்படி வீட்டுத் தயிர் எல்லாவற்றையும் புரோபயாட்டிக் என்று சொல்ல முடியாது, எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதே. ஆனாலும் தயிரிலுள்ள பாக்டீரியா லாக்டோஸை உடைக்க உதவும் என்பது நன்றாக நிரூபணமானது. பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்கு மோர் ஒன்றும் செய்யாமல் இருப்பது அதனால்தான்.

கடையில் வாங்கும்போது மிக முக்கியமானது திரிபு. திரிபு என்பது ஒரே இனத்துக்குள் தனித்த குணமுள்ள ஒரு கிளை. பெயரின் கடைசியில் எண்ணோ எழுத்தோ போட்டுக் குறிப்பார்கள். ஒரு திரிபுக்கு நிரூபணமான பலனை இன்னொன்றுக்குச் சொல்ல முடியாது. எண்டெரோஜெர்மினா பாட்டிலில் இருப்பது பேசில்லஸ் கிளாசியின் வித்துகள், 5 மி.லி.யில் 200 கோடி. அது வயிற்றுப்போக்குக்காகப் புழக்கத்துக்கு வந்தது. எகோநார்மில் இருப்பது சாக்கரோமைசஸ் பவுலார்டி, அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட். இவற்றை “நல்ல பாக்டீரியாதானே” என்று உப்புசத்துக்கு வாங்கிக் குடிப்பதில் அர்த்தம் குறைவு.

எண்ணிக்கை அதிகமானால் பலன் அதிகம் என்பதும் சரியில்லை. 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ள 362 பெண்களுக்கு பிஃபிடோபேக்டீரியம் 35624 என்ற திரிபை மூன்று அளவுகளில் கொடுத்தார்கள்: 10 லட்சம், 10 கோடி, 1,000 கோடி. 4 வாரத்தில் உப்புசமும் வலியும் குறைந்தது நடுவில் இருந்த 10 கோடி அளவில்தான். 1,000 கோடி இருந்த கேப்சூலை ஆராய்ந்தபோது, ஈரம் பட்டதும் உள்ளே இருந்தது பசை போல இறுகிக் கரையாமல் நின்றது தெரிந்தது. அதே திரிபை, நோய்க்குறி என்று சொல்லும்படி இல்லாத சாதாரண உப்புசக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. வெற்று மருந்தைவிட அது மேலாக இல்லை. வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் நன்றாகவே குறைந்திருந்தது. நண்பர் ஒருவர் “எனக்குக் கேட்டுச்சு” என்று சொல்லும்போது இந்தக் கடைசி விஷயத்தையும் மனதில் வையுங்கள்.

மருத்துவச் சங்கங்களே இதில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க இரைப்பை குடல் சங்கம் 2023-ல் வெளியிட்ட உப்புசம் பற்றிய ஆலோசனையில், உப்புசத்துக்குப் புரோபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்று நேராகவே சொல்லியது. பிரிட்டனின் சங்கம் 2021-ல் குடல் எரிச்சல் நோய்க்குறிக்குக் கொஞ்சம் தாராளமாக இருந்தது: எந்தத் திரிபு என்று சொல்ல முடியாது, விரும்பினால் 12 வாரம் வரை முயன்று பாருங்கள், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். எனக்கு பிரிட்டன்காரர்கள் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவருவதாகத் தோன்றுகிறது, நிறுத்திவிடுங்கள் என்ற பகுதியை மறக்காதவரை.

மாவுக்குத் திரும்பினால், புரோபயாட்டிக் எடுப்பது ஏற்கனவே நொதித்துக்கொண்டிருக்கும் பெரிய அண்டாவில் வேறு மாவு ஒரு கரண்டி சேர்ப்பது. அண்டாவிலுள்ள கூட்டத்தின் போக்கு கொஞ்சம் மாறலாம், மாறாமலும் போகலாம். மாறுவதற்கு வாரங்கள் ஆகும். சேர்ப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்துவிடும்.

## இரண்டையும் சேர்த்தால்

சிமெத்திகோன் பாக்டீரியாவைக் கொல்லாது, பாக்டீரியா சிமெத்திகோனைத் தின்னாது. ஒன்று குமிழியைத் தொடும், மற்றது நொதிக்க வைக்கும் கூட்டத்தைத் தொடும். ஒன்றின் வேலை ஒரு வேளைக்குள் முடிந்துவிடும், மற்றதற்கு வாரக்கணக்கு. அதனால் மோதல் இல்லை.

கூட்டுப் பலனைப் பற்றி? 2014-ல் இத்தாலியில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. பேசில்லஸ் கோகுலன்ஸ் என்ற பாக்டீரியாவையும் சிமெத்திகோனையும் சேர்த்த மருந்தை, குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ள சுமார் ஐம்பது பேரிடம் 4 வாரம் சோதித்தார்கள். வெற்று மருந்தைவிட உப்புசம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டது கூட்டு மருந்தையும் வெற்று மருந்தையும்தான். பாக்டீரியா மட்டும், சிமெத்திகோன் மட்டும் என்று தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்கவில்லை. குறைந்த உப்புசம் யாருடைய புண்ணியம் என்று அதிலிருந்து சொல்ல வழியில்லை. கூட்டு மருந்தின் அட்டையில் “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று பார்த்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எதோடு ஒப்பிட்டார்கள்?

இந்தக் கூட்டணிக்கு நியாயமான ஒரு இடம் இருக்கிறது. புரோபயாட்டிக் ஆரம்பித்த முதல் சில நாட்களில் சிலருக்கு வாயு கூடும். அந்த நாட்களைத் தாண்ட, சாப்பாட்டுக்குப் பிறகு சிமெத்திகோன் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஓரிரு வாரத்தில் அடங்காமல் உப்புசம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். “இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டா செட் ஆயிடும்” என்று தொடர்வதுதான் தப்பு. 2018-ல் அமெரிக்காவின் அகஸ்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வில், உப்புசத்தோடு மூளை மந்தமும், அதாவது யோசனை தெளிவில்லாமல் மங்குவதும், இருந்தவர்கள் எல்லோருமே புரோபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தி சிகிச்சை கொடுத்தபின் பெரும்பாலோர் தேறினார்கள். அந்த முடிவின் மேல் விவாதம் உண்டு. இருந்தாலும் “எத்தனை சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது” என்ற உத்தரவாதத்தை அது ஆட்டிவைக்கிறது.

நேரக் கணக்கு சுலபம். புரோபயாட்டிக்கை சாப்பாட்டோடு அல்லது சற்று முன்னால், சூடில்லாத தண்ணீரில் எடுக்கலாம். சிமெத்திகோனை சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும். கரி மாத்திரையை மட்டும் தள்ளி வையுங்கள். ஆன்டிபயாட்டிக் போடுகிறவர்கள் பாக்டீரியா வகைப் புரோபயாட்டிக்கை சில மணி நேரம் விலக்கி எடுக்க வேண்டும்.

உண்மையான மோதல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, அதை யாரும் கேட்பதில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அமிலத்தைச் சமன் செய்யும் மருந்து, சிமெத்திகோன் இரண்டிலிருந்தும் 4 மணி நேரம் தள்ளியே போட வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேர்வது குறையும். இரும்புச்சத்து மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குகள் ஆகியவற்றையும் அலுமினிய, மக்னீசிய மருந்துகள் தடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த அலுமினிய, மக்னீசிய மருந்தையே டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், பெரிய ரத்தக் குழாயில் ட்யூப் போட்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்குப் புரோபயாட்டிக்கைச் சொந்த முடிவில் கொடுக்கவே கூடாது. உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்து தொற்று வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

## முயன்று பார்ப்பதென்றால் எப்படி

இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். சரியானால் எதனால் என்று தெரியாது, மோசமானாலும் தெரியாது. விளைவு, இரண்டையும் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

சாப்பிட்ட உடனே மேல் வயிறு கனத்து, ஏப்பம் ஏப்பமாக வருகிறவர் முதலில் சிமெத்திகோனைச் சில நாள் பார்க்கலாம். வேலை செய்வதாக இருந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். கூடவே அவசரமாக விழுங்குவது, சூயிங்கம், கூல்டிரிங்ஸ் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும், காற்று உள்ளே போகும் வழி அவைதான். பருப்பு, கடலை, பால் என்று குறிப்பிட்ட உணவுக்குப் பின் சில மணி நேரம் கழித்து உப்புகிறவருக்கு என்சைமும் சமையல் மாற்றமும் பொருந்தும். கடலையை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ராஃபினோஸ் வகைச் சர்க்கரை கணிசமாகக் குறையும். மலச்சிக்கல் உள்ளவர் அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடுவதில் லாபமில்லை. வலியும் மலப்போக்கில் மாற்றமும் சேர்ந்து இருப்பவர், திரிபின் பெயர் தெளிவாக அச்சிட்ட ஒரு புரோபயாட்டிக்கை 4 முதல் 12 வாரம் வரை எடுத்துப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் தினமும் உப்புசத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறித்து வைத்தால் போதும். மார்க் இறங்கவில்லை என்றால் அந்தப் பணம் இனி காய்கறிக்குப் போகட்டும்.

ஒன்றை முயன்று முடித்து, பாதிப் பலன் கிடைத்தது என்றால் அப்போது அடுத்ததைச் சேர்க்கலாம். சேர்த்தபின் கூடுதலாக எதுவும் குறையவில்லையென்றால் சேர்த்ததை எடுத்துவிடுங்கள்.

இரண்டுமே கைகொடுக்காவிட்டால், மூன்றாவது மாத்திரைக்குப் போகும் முன் ஏற்கனவே போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் உப்புசம் கொடுக்கும். வோக்லிபோஸ், அகார்போஸ் இன்னும் அதிகம். அவை மாவுச்சத்து சிறுகுடலில் உடைவதைத் தாமதப்படுத்துவதால், மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கிறது, மருந்தின் வேலையே அதுதான். சுகர் இல்லாத இனிப்புகளில் சேர்க்கும் சார்பிடாலும் இதே கூத்தைச் செய்யும். இவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் உப்புசம் இருப்பதைச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். போகும்போது கடையில் வாங்கிப் போட்ட புரோபயாட்டிக், கறுப்பு மாத்திரை, ஈனோ எல்லாவற்றின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். “கேஸ் மாத்திரை போட்டேன் சார்” என்று மட்டும் சொன்னால் அவருக்கும் எதுவும் புரியாது.